ஊற்றுநகர் அரங்கு: லௌக்ஸ்ரெற்றில் கதேயும் மாணவரும்

ஒரு நாடக அரங்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கு மேடையேறிய நாடகங்களையும், அவற்றை எழுதியோர், நெறிப்படுத்தியோர் பெயர்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைதி கொள்வர். மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தோர் யாவர், அவர்கள் ஏன் அங்கு வந்தனர், அவர்கள் கொடுத்த நுழைவுக் காசு எவரை வாழவைத்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஆயின், நாடகம் என்பது நூலகத்தில் உறங்கும் ஏடன்று. பார்ப்போர் இன்றேல் நாடகம் இல்லை. எனவே அரங்கின் வரலாறு அவையோரின் வரலாறுமாகும். இவ்வுண்மையைத் தெளிவுறுத்தவல்ல அரங்குகளுள் ஒன்று, ஜேர்மனியின் மத்திய பகுதியில் லௌக்ஸ்ரெற் என்னும் சிறிய ஊற்றுநகரில் இன்றும் நிற்கின்றது. கதேயின் அரங்கு என்றே உலகம் அதனை அழைக்கின்றது. அப்பெயர் பொருத்தமானதே, எனினும் அது முழு உண்மையன்று.

லௌக்ஸ்ரெற் முதலில் புகழ் பெற்றது நாடகத்தால் அன்று, நீரால். 1694இல் நிறுவப்பட்ட ஹாலேப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பிரெடரிக் ஹொஃப்மன் என்பார், 1700ஆம் ஆண்டளவில் அங்குள்ள இரும்புச்சத்து மிக்க நீரூற்றின் குணங்களை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அதன் பின் நோயாளரும், நோயில்லாத செல்வரும் அங்கு வரத் தொடங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சக்சனி நாட்டு அரசவையினர் கோடை காலத்தை அங்கு கழிக்கலாயினர். ஊற்றைச் சுற்றிப் பூங்காவும் மண்டபங்களும் கடைவரிசைகளும் எழுந்தன. நீர் அருந்துவதும் நீராடுவதும் பகல் வேளையின் கடமைகள். மாலையில் நடனம், சூதாட்டம், நாடகம்.

ஐரோப்பாவின் ஊற்றுநகர்கள் யாவும் ஏறத்தாழ இத்தன்மையினவே. உழைக்காத வர்க்கம் தன் ஓய்வைக் கழிக்கவும், தன்னைத் தானே கண்டு மகிழவும் ஏற்படுத்திக் கொண்ட இடங்கள் அவை. அரசியற் சதிகளும் அங்கு உருவாயின. 1819இல் ஜேர்மன் பல்கலைக்கழகங்களின் வாயை அடைத்த கட்டளைகள் தீட்டப்பட்டது கார்ள்ஸ்பாட் என்னும் புகழ்மிக்க ஊற்றுநகரிலேயே என்பதை இங்கு நினைவு கொள்ளல் தகும். ஆயினும் ஒரு நன்மையும் இருந்தது. அரண்மனையில் ஒருவரையொருவர் நெருங்க முடியாத நிலமானியப் பிரபுவும் மத்தியதர வர்க்கத்துப் பேராசிரியனும் ஊற்றருகே ஒரே பாதையில் நடந்தனர். இறுகிய சமூக அமைப்பில் ஊற்றுநகர் ஒரு சிறு தளர்வு. அந்தத் தளர்வினூடாகவே லௌக்ஸ்ரெற் அரங்கின் வரலாறு புகுகின்றது.

வைமார் சிற்றரசின் கோமகன் கார்ள் ஓகஸ்ட், 1791இல் தன் அரசவை நாடகக் குழுவின் பொறுப்பைக் கதேயிடம் ஒப்படைத்தான். வைமார் பத்தாயிரம் மக்கள்கூட இல்லாத சிறு பட்டினம். அங்கிருந்த நாடக இரசிகரின் எண்ணிக்கை ஒரு நிரந்தரக் குழுவை ஆண்டு முழுவதும் தாங்கப் போதியதன்று. கோமகனின் கொடையோ அளவோடுதான் கிடைத்தது. கோடையில் அரசவையினர் ஊரை விட்டுப் புறப்பட்டதும் நடிகர் எங்கு நடிப்பது, எதை உண்பது? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே லௌக்ஸ்ரெற். கதேக்கு முன் வைமாரில் நடித்த பெலோமோவின் குழுவினர் கோடைதோறும் அங்கு சென்று நடித்திருந்தனர். அவ்வுரிமையும் அவர்களது கொட்டகையும் வைமாருக்குக் கிடைத்தன. பிறிதோர் அரசின் எல்லைக்குள் அமைந்த ஊற்றுநகரில் ஈட்டிய கோடை வருமானமே வைமார் அரங்கின் முதுகெலும்பாயிற்று. உலக இலக்கியத்தில் வைமார்ச் செவ்வியல் நெறி என்று போற்றப்படுவதற்கு அடியில் இப்பொருளாதார உண்மை கிடக்கின்றது.

அவ்வருமானத்தைக் கொடுத்தவர் யார்? ஊற்று நாடி வந்த பிரபுக்கள் ஒரு பகுதியினர். மற்றைய பெரும் பகுதியினர் ஹாலேப் பல்கலைக்கழக மாணவர். ஹாலேயில் பக்திவாதக் கிறித்தவரின் செல்வாக்கு மேலோங்கியிருந்தது. நாடகம் இளைஞரின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று அவர்கள் கருதினர். பல்கலைக்கழக அதிகாரிகளும் அவ்வாறே எண்ணினர். நாடகக் குழுக்கள் அந்நகரினுள் நுழைய நெடுங்காலம் தடைகள் இருந்தன. ஆனால் ஹாலே பிரஷியாவுக்குரியது, லௌக்ஸ்ரெற்றோ சக்சனிக்குரியது. இரண்டுக்கும் இடையே சில மணி நேர நடை. எனவே கோடை நாள்களில் மாணவர் கூட்டங் கூட்டமாக, குதிரை ஏறியும் வண்டி பிடித்தும் கால்நடையாகவும், அரசெல்லையைக் கடந்து நாடகம் பார்க்கச் சென்றனர். 1805இல் ஹாலேயில் மாணவனாக இருந்து பின்னர் பெருங் கவிஞனாகிய அய்க்கென்டோர்ஃப், அப்பயணங்களை முதுமையிலும் மறவாது எழுதி வைத்தான். தடை செய்யப்பட்ட கலை எல்லைக்கு அப்பால் அழைக்கும்போது இளைஞர் நடந்தே சென்று அதனை அடைவர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

பழைய கொட்டகை சிறியது, நெரிசல் மிக்கது, மழைக்கும் வெயிலுக்கும் ஈடு கொடாதது. புதிய அரங்கு கட்டக் கதே பல ஆண்டுகள் முயன்றார். நிலத்திற்காகச் சக்சனி அதிகாரிகளுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து முடிவின்றி நீண்டது. இறுதியாக 1802இன் தொடக்கத்தில் இசைவு கிடைத்தது. வைமார் அரண்மனையில் பணியாற்றிக் கொண்டிருந்த பேர்லின் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஹைன்ரிஹ் கென்ற்ஸ் வரைபடம் வகுத்தார். கதே ஒவ்வொரு பகுதியிலும் தம் கருத்தைச் செலுத்தினார். சில மாதங்களுக்குள் தச்சரும் கொத்தரும் வேலையை முடித்தனர். கோடைப் பருவம் தொடங்கு முன் அரங்கு ஆயத்தமாக வேண்டும். இல்லையெனில் ஓராண்டு வருமானம் போய்விடும். அவசரத்தின் காரணம் கலையன்று, கணக்கு.

கட்டடம் எளிமையானது. வாயில் மண்டபம், அவை, மேடை என்னும் மூன்று பகுதிகளும் மூன்று வேறு வடிவங்களாக வெளியிலிருந்தே தெரியும். உள்ளே இருப்பதை வெளிச்சுவர் மறைக்கவில்லை. அவைக்கு மேலே மரச் சட்டங்களில் வளைத்து அமைத்த கூரை, வண்ணந் தீட்டிய துணியால் மூடப்பெற்று, பெரிய கூடாரம் ஒன்றினுள் அமர்ந்திருக்கும் உணர்வை அளிக்கும். மேடையின் கீழே மரத்தாலான பொறியமைப்பு உள்ளது. கயிறுகளும் உருளைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. மறைவில் நிற்கும் சில தொழிலாளர் அவற்றை இயக்க, இரு புறங்களிலுமுள்ள காட்சித் தட்டிகள் ஏககாலத்தில் நகர்ந்து காடு அரண்மனையாகும். அவையோர் வியந்து கைதட்டுவது மேடையில் தோன்றும் நடிகனுக்கு. கயிறு இழுத்தவனின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவன் இழுத்த மரப்பொறி மட்டும் எஞ்சி நிற்கின்றது.

1802 யூன் 26ஆந் திகதி அரங்கு திறக்கப்பட்டது. மோசாட்டின் ‘ரைற்றஸ்’ இசைநாடகத்திற்கு முன்னுரையாகக் கதே எழுதிய ‘நாம் கொணர்வது’ என்னும் சிறு நாடகம் நடிக்கப்பட்டது. அதன் கதை கவனத்திற்குரியது. ஏழைக் குடியானவரான முதிய தம்பதியர் ஒரு பழைய குடிசையில் வாழ்கின்றனர். அங்கு விருந்தினர் சிலர் வருகின்றனர். அவர்கள் நாடகக் கலையின் பல்வேறு வகைகளின் உருவகங்கள். அவர்களது வருகையால் குடிசை மாயமாய் மறைந்து எழிலார்ந்த மண்டபம் தோன்றுகின்றது. பழைய கொட்டகை போய்ப் புதிய அரங்கு வந்த செய்தியே இவ்வாறு உருவகமாயிற்று. அம்முதியோரைக் கதே கிரேக்கப் பழங்கதையில் வரும் பிலெமோன், பௌசிஸ் தம்பதியரின் சாயலிலேயே படைத்தார். இவ்விருவரையும் நாம் மீண்டும் சந்திப்போம்.

இவ்விடத்தில் ஓர் உண்மைத் தொடர்பை நினைவு கூர்தல் பொருந்தும். நாடகத்தின் முன்னே நாடகத்தைப் பற்றியே பேசும் முன்னுரைக் காட்சி கீழ்த்திசையினருக்குப் பழகியது. காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதிலிருந்து 1791இல் ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்தவர் கேயோர்க் ஃபோர்ஸ்ரர். கதே அந்நூலில் உள்ளம் பறிகொடுத்தார். அவருடைய ‘ஃபவுஸ்ற்’ நாடகத்தின் அரங்க முன்னுரைக்குச் சாகுந்தலத்தின் முன்னுரையே தூண்டுகோல் என்பது அறிஞர் பலரின் முடிபு. மொழிபெயர்த்த ஃபோர்ஸ்ரரோ வெறும் ஏட்டறிஞரல்லர். பிரெஞ்சுப் புரட்சியின் ஒளியில் 1793இல் மைன்ஸ் நகரில் எழுந்த குடியரசின் முன்னணியில் நின்று, ஜேர்மன் மன்னரால் துரோகி எனப்பட்டு, 1794இல் பாரிசில் வறுமையில் மாண்டவர். மறைமலையடிகள் 1907இல் தமிழில் தந்த சாகுந்தலத்தை வகுப்பறையில் கற்பிக்கும் நாம், அதே நூலை ஜேர்மனியருக்கு அளித்தவன் ஒரு புரட்சிக்காரன் என்பதை மாணவருக்குச் சொல்லுதல் வேண்டும்.

கதேயின் அரங்க ஆட்சி எத்தகையது? அவர் உயர்ந்த கலைஞர். அதே வேளையில் கோமகனின் அமைச்சர். இவ்விரு தன்மைகளும் அரங்கினுள் ஒருங்கே தொழிற்பட்டன. 1803இல் இளம் நடிகருக்கு அவர் புகட்டிய விதிகள் பின்னர் தொகுக்கப்பட்டு நூலாயின. பிரதேசப் பேச்சு வழக்கு மேடைக்கு ஆகாது என்பதே அவற்றின் தொடக்கம். எப்படி நிற்பது, கையை எவ்வாறு ஏந்துவது, மேடையில் கைக்குட்டையை எடுக்கலாகாது என்பன வரை அவை விரிகின்றன. ஊர் சுற்றும் கூத்தாடிகள் என்று இகழப்பட்ட நடிகரை மதிப்புடைய கலைஞராக்கியது இப்பயிற்சியே என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் கட்டுப்பாட்டை மீறியோருக்கு வீட்டுக் காவல்கூட விதிக்கப்பட்டது. நடிகனின் உயர்வு அவனது உரிமையாக வரவில்லை. அரசவை அளித்த சலுகையாகவே வந்தது.

அவையோரும் இவ்வாட்சிக்கு அடங்க வேண்டியவராயினர். 1802 மே மாதம் வைமாரில் பிரெடரிக் ஷ்லேகலின் நாடகமொன்று நடந்தபோது அவையோர் சிரித்தனர். தம் இருக்கையிலிருந்து எழுந்த கதே, சிரிக்கலாகாது என்று உரத்த குரலில் அதட்டினார். அதே ஆண்டின் தொடக்கத்தில் வேறொரு நாடகத்தைக் கண்டித்து எழுதப்பட்ட விமர்சனம் அச்சேறாமல் தடுத்தவரும் அவரே. 1803 மார்ச் மாதம் ஷில்லரின் ‘மெசினாவின் மணமகள்’ முதன்முதல் வைமாரில் மேடையேறிய இரவில், இளைஞன் ஒருவன் ஷில்லர் வாழ்க என்று முழங்கினான். அதற்காக அவன் கண்டிக்கப்பட்டான். அரசவை அரங்கில் வாழ்த்துப் பெறுதற்குரியவர் ஆளும் கோமகனே என்பது அக்கால மரபு.

இனி அதே நாடகத்தின் லௌக்ஸ்ரெற் வரலாற்றைப் பாருங்கள். 1803 யூலை 3ஆந் திகதி அது புதிய அரங்கில் நடிக்கப்பட்டது. ஷில்லரும் வந்திருந்தார். ஹாலேயிலிருந்து வந்த இளைஞரால் அவை நிரம்பி வழிந்தது. நாடகம் நடந்து கொண்டிருக்கையில் பெரும் இடிமழை பிடித்துக் கொண்டது. மெல்லிய கூரையின் மீது விழுந்த மழையின் ஓசையில் நடிகர் பேசியது நெடுநேரம் காதில் விழவில்லை. அஞ்சிய பெண்கள் சிலர் வெளியேறினர். நடிகரோ தொண்டை கிழியப் பேசித் தொடர்ந்து நடித்தனர். பாடற் குழுவினர் இடி முழக்கத்தைப் பற்றிக் கூறும் கட்டத்தில் வானத்து இடியும் சேர்ந்து முழங்க, அவை மெய்சிலிர்த்தது. அன்றிரவு மாணவர் ஷில்லரின் தங்குமிடத்தின் முன் கூடி இசை முழக்கி வாழ்த்தினர். அவர்களைத் தடுக்க அங்கு எவரும் இல்லை.

ஒரே நாடகம், ஒரே நடிகர். வைமாரில் ஒரு குரல் எழுந்தமைக்குக் கண்டனம். லௌக்ஸ்ரெற்றிலோ கூட்டம் திரண்டு வாழ்த்துகின்றது. வேறுபாடு எங்கிருந்து வந்தது? அவையிலிருந்து வந்தது. வைமாரில் அவையோர் அரசின் ஊழியர். அதன் சம்பளத்தில் வாழ்வோர். லௌக்ஸ்ரெற்றில் அவையோர் தம் காசில் வந்த இளைஞர். வைமார்க் கோமகன் அவர்களுடைய கோமகனல்லன். ‘கள்வர்’ நாடகத்தை எழுதிக் கொடுங்கோன்மையைச் சாடிய ஷில்லர் அவர்களுடைய கவிஞர். கதே அரங்கைக் கட்டினார். அதனுள் சுதந்திரத்தைக் கொண்டு வந்தவர் மாணவரே எனலாம்.

அச்சுதந்திரக் காற்றை நுகர்ந்தோருள் கிறிஸ்ரியானே வுல்பியுசும் ஒருத்தி. செயற்கைப் பூ செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண் அவள். 1788 முதல் கதேயுடன் வாழ்ந்தாள். 1806இலேயே முறைப்படி மனைவியானாள். வைமாரின் உயர்குலப் பெண்டிர் அவளை வீட்டினுள் அழைத்திலர். லௌக்ஸ்ரெற்றிலோ அவள் நடனமாடினாள், நாடகம் பார்த்தாள், நடிகரின் குறைகளைக் கேட்டறிந்தாள், யாவற்றையும் மகிழ்ச்சி பொங்கக் கதேக்கு எழுதினாள். எழுத்துப் பிழைகள் மலிந்த அக்கடிதங்கள் அரங்கின் வாழ்வை அறிய உதவும் அரிய சான்றுகளுள் அடங்கும்.

1805 மே 9ஆந் திகதி ஷில்லர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். ஓகஸ்ட் 10ஆந் திகதி லௌக்ஸ்ரெற் அரங்கில் அவருக்கு அஞ்சலி நிகழ்ந்தது. ‘மணியின் பாடல்’ காட்சியாக நடிக்கப்பட்டது; கதே தம் நண்பனுக்காக எழுதிய பின்னுரை வாசிக்கப்பட்டது. பெருங் கவிஞனுக்கான மேடை அஞ்சலி அரண்மனை அருகே நிகழாமல், மாணவர் வந்து குவியும் ஊற்றுநகரில் நிகழ்ந்தமை பொருளுடையது.

அடுத்த ஆண்டே வரலாறு அரங்கின் கதவைத் தட்டிற்று. 1806 ஒக்டோபரில் யேனாவில் நெப்போலியன் பிரஷியப் படையை முறியடித்தான். ஹாலேப் பல்கலைக்கழகத்தை மூடி மாணவரைக் கலைத்தான். மாணவர் இன்றேல் லௌக்ஸ்ரெற் அரங்கிற்கு வருமானம் இல்லை. 1808இல் பல்கலைக்கழகம் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பொழுது ஹாலே, நெப்போலியனின் தம்பி ஆண்ட வெஸ்ற்ஃபாலிய இராச்சியத்தில் சேர்ந்திருந்தது; பழைய தடைகள் தளர்ந்தன. பேராசிரியர் ரைல் என்னும் மருத்துவர் ஹாலேயிலேயே நீராட்டு மனை ஒன்றை ஏற்படுத்தினார். 1811இல் பழைய கோவில் ஒன்று நாடக அரங்காக மாற்றப்பட்டு, வைமார்க் குழு அங்கு சென்று நடிக்கலாயிற்று. நாடகத்தைப் பாவம் என்ற நகரில் கோவிலே அரங்காகிய இம்மாற்றத்தை எந்தப் போதகரும் கொணரவில்லை. புரட்சியின் புயல் கொணர்ந்தது. மாணவர் நடந்து வர வேண்டிய தேவை ஒழிந்தது. அத்துடன் லௌக்ஸ்ரெற்றின் பொற்காலமும் ஒழிந்தது. 1815இல் அந்நகரும் பிரஷியாவின் வசமாயிற்று. 1817இல், பழகிய நாயொன்றை மேடையேற்றும் நாடகம் பற்றிய தகராறில், கதே வைமார் அரங்கப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். இருபத்தாறு ஆண்டு உழைத்த கவிஞரைவிடக் கோமகனின் ஆசைநாயகியான நடிகையின் சொல் அரசவையில் வலிமை பெற்றது. அரசவைக் கலைக்கு இதுவே விதிக்கப்பட்ட எல்லை.

பின்னர் ஊர் சுற்றும் குழுக்கள் அம்மேடையைப் பயன்படுத்தின. 1834இல் மக்டபேர்க் நகரக் குழு ஒன்றுடன் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் வந்தான். குழுவின் வறுமையையும் சீர்கேட்டையும் கண்டு திரும்பிவிட எண்ணியவன், மின்னா பிளானர் என்னும் நடிகையைச் சந்தித்ததும் தங்கிவிட்டான். அங்கே மோசாட்டின் ‘டொன் ஜுவான்’ இசைநாடகத்தை நடத்தி இசைநெறியாளனாக அரங்கேறினான். அவனே ரிச்சாட் வாக்னர். 1849இல் ட்றெஸ்டென் நகர எழுச்சியில் பங்கு கொண்டு நாட்டை விட்டு ஓடிய வாக்னரின் முதல் மேடை இதுவே. அவருடைய பிற்காலச் சிந்தனைகளின் நச்சுக் கூறுகளை மறக்க வேண்டியதில்லை. இளமையில் அவர் நின்ற இடத்தையும் மறைக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊற்று புகழ் இழந்தது, அரங்கு பாழடைந்தது. 1908இல் அது பழுது பார்க்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1912இல் கேர்ஹாட் ஹௌப்ற்மனின் நாடகம் ஒன்று முதன்முதலாக அங்கு மேடையேறியது. சிலேசிய நெசவாளரின் 1844ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ‘நெசவாளர்’ என்னும் நாடகமாக்கி, பேர்லின் பொலிசாரின் தடைக்கு உள்ளானவர் அவர். அதே 1912இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. காலமும் சூழலும் மாறிக் கொண்டிருந்தன. அரங்கின் அயலில், 1916இல் லொய்னா இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1921 மார்ச் மாதம் அதன் தொழிலாளர் ஆயுதமேந்திப் போராடி ஒடுக்கப்பட்டனர். பிரபுக்கள் நீராடிய ஊற்றின் அண்டையில் ஜேர்மன் தொழிலாளி வர்க்கத்தின் கோட்டை ஒன்று உருவாகியிருந்தது.

இரண்டாவது உலகப் போரின் பின் அப்பகுதி ஜேர்மன் ஜனநாயகக் குடியரசில் சேர்ந்தது. 1966 முதல் 1968 வரை அவ்வரசு அரங்கைப் பழைய நிலைக்குப் புதுப்பித்துத் திறந்தது. மரப்பொறியும் காக்கப்பட்டது. மலிவு விலையில் தொழிலாளருக்கு நாடகம் காட்டுவது அக்குடியரசின் கொள்கை. கருத்து மாறுபட்ட எழுத்தாளரின் வாயை அடைத்ததும் அதே குடியரசே. அவையை விரிவாக்கியமைக்காக அதனைப் போற்றும் நாம், அவையின் குரலை நசுக்கியமையை மறைத்தல் நேர்மையன்று. சிரிக்கலாகாது என்ற பழைய அதட்டல் புதிய உடையிலும் வரக்கூடும். 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின, அரங்கு நிலைத்தது. கோடை தோறும் இன்றும் அங்கு நாடகமும் இசைநாடகமும் நடைபெறுகின்றன.

இறுதியாக, அந்த முதிய தம்பதியரிடம் திரும்புவோம். 1802இல் கதே அவர்களது குடிசையை மண்டபமாக்கினார், அவர்களும் மகிழ்ந்தனர். முப்பது ஆண்டுகளின் பின், 1832இல், அவர் மறைந்த ஆண்டில் வெளிவந்த ‘ஃபவுஸ்ற்’ இரண்டாம் பாகத்தில் அதே பிலெமோனும் பௌசிசும் தோன்றுகின்றனர். கடலைத் தள்ளி நிலம் மீட்கும் ஃபவுஸ்றின் பெருந் திட்டத்திற்கு அவர்களது குடிசை இடையூறாகின்றது. அது எரிக்கப்படுகின்றது, அவர்கள் மாள்கின்றனர். முதல் நாடகத்தில் புதுமை வந்தபோது ஏழையின் குடிசை மாயமாய் மறைந்தது. மாயமாய் எதுவும் மறைவதில்லை என்பதை முதிய கதே அறிந்திருந்தார். நிலமானியம் சரிந்து முதலாளித்துவம் எழுந்த காலத்தை முழுவதும் கண்ட கண்கள் அவருடையவை.

எனவே லௌக்ஸ்ரெற் அரங்கைக் கதேயின் அரங்கு என அழைப்போம். அவர் அதற்கு உரியவரே. ஆனால் அப்பெயரைச் சொல்லும்போது, சில மாதங்களில் அதை எழுப்பிய தச்சரையும், மேடையின் கீழ் கயிறு இழுத்தவனையும், இடிமழையில் தொண்டை கிழியப் பேசிய நடிகரையும், புழுதிச் சாலையில் நடந்து வந்து காசு கொடுத்து வாழ்த்தொலி எழுப்பிய மாணவரையும் சேர்த்தே நினைப்போம். மாணவர்க்கு இலக்கிய வரலாறு கற்பிப்போருக்கு இது கூடுதற் செய்தியன்று; அவ்வரலாற்றின் பாதி இதுவே.